சந்தனப் பொட்டு வைத்த சர்வர்

எங்கள் ஃபெக்டரியின் சர்வருக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து அதைக் கொன்றது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வேறு யாராவது சொல்லிக் கேள்விப்பட்டால், இந்த அம்மா எழுதியதெல்லாம் புளுகு என்று நினைத்துவிடுவீர்கள்.

இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து ஓட்டோவில் கால் மணி நேரம் மேலே ஏறினால் ஒரு தனியார் தேயிலை ஃபெக்டரி வரும். அந்த ஒபிஸில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தேன். சேரும்போது டைப்ரைட்டர் தட்டுகிற பெண். ஓய்வு பெறும்போது பெரிய கிளாக்கர். பெயர் தவமணி, எல்லாருக்கும் ‘தவமணி மிஸ்’. சின்ன இடங்களில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு உபயோகப்படட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் படிக்காதவள் என்னென்ன செய்யக்கூடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

1. கம்ப்யூட்டர் மிஸ்

முதல் கம்ப்யூட்டர் வந்தபோது என்னைத்தான் ஹட்டனுக்குச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பினார்கள். நாலு சனிக்கிழமை போனேன். அதற்குப் பிறகு ஃபெக்டரியில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அதே கதை.

ஒன்று இரண்டாகி, இரண்டு ஏழானது. ஒபிஸில் நாலு, ஸ்டோரில் ஒன்று, டீமேக்கர் அறையில் ஒன்று, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒன்று. இந்த ஏழுக்கும் தாய் மாதிரி ஒரு மூலையில் சர்வர். பார்த்தால் சாதாரண கறுப்புப் பெட்டிதான். ஆனால் ஃபெக்டரியின் மொத்தப் பதிவும் அதன் வயிற்றுக்குள் இருந்தது. எந்த நாள் எந்த லொறியில் எந்தக் கொழுந்து வந்தது, டிரையரில் எத்தனை பாகை சூடு, எந்த லொட், அதாவது எந்தத் தொகுதித் தேயிலை, எந்தப் பையில் போனது, எல்லாமே.

என் உண்மையான வேலை தேயிலை அனுப்புகிற பேப்பர்களும், கொழும்பு புரோக்கருக்கு மாதிரித் தேயிலை போகிற செம்பிள் பார்சல்களும். அந்த வேலையை உட்கார்ந்து செய்ய என்னை யார் விட்டார்கள்? காலையில் கைப்பையை வைக்கும் முன்பே டீமேக்கர் மாத்தயா வாசலில் நிற்பார். தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவர், மாத்தயா என்றால் ஐயா. சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார், பதற்றத்தில் மட்டும் சிங்களம் முன்னுக்கு வரும்.

“அனே மிஸ், பிரிண்டர் கோவிச்சுக்கிச்சு.”

அதைச் சமாதானம் பண்ணிவிட்டு வந்தால் மடுவத்திலிருந்து அழைப்பு. “மிஸ், தராசு கம்ப்யூட்டர் ஒறைஞ்சு போச்சுங்க. மூனு லொறி நிக்குது.” கொழுந்து பைக்குள்ளேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடையோடு இறங்கி ஓடுவேன். போய் நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுவேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். பெரும்பாலும் பலித்தது, அதனால் பேரும் கிடைத்தது.

பலிக்காத நாட்களில் ஹட்டனில் ஒரு கடைக்குச் சொல்லி அனுப்புவோம். மூன்று நாள் கழித்து ஒருவர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். பெட்டி ஒரு வாரம் கழித்து வரும். வரும்போது இன்னொன்று படுத்திருக்கும்.

மகளின் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு எடுத்தேன். அந்தப் பிள்ளை கழுத்தில் தாலி ஏறுகிற நேரம் என் காதில் போன். டோனர் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் அட்சதையைப் போட்டுக்கொண்டே, “ரெண்டாவது அலமாரி, கீழ்த்தட்டு” என்றேன். சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. இவள் இல்லாவிட்டால் ஃபெக்டரி நடக்காதாம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைதான் எனக்குப் பிடித்த வியாதி.

2. வெளியாள்

எங்கள் முதலாளி, தகப்பன் தொடங்கிய ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்கிறவர். என் வயதுதான். ஒரு நாள் ஹட்டனில் அவருடைய கூட்டாளியின் ஃபார்மசிக்குப் போய்விட்டு வந்தவர், நேரே என் மேசைக்கு வந்தார்.

“மிஸ், அடுத்த மாசத்துலருந்து நம்ம கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஹட்டன்ல ஒரு கம்பெனி பாத்துக்குவாங்க. அந்த ஃபார்மசியையும் அவங்கதான் பாக்குறாங்க. அக்ரிமென்ட் போட்டுட்டேன்.”

“ஏன் முதலாளி, நான் என்ன குறை வச்சேன்?”

“நீங்க ஒரு குறையும் வைக்கல. அதான் பிரச்சின. நீங்க லீவு போட்டா ஃபெக்டரியும் சேந்து லீவு போடுது.”

“அதுக்கு ஒரு ஆள வேலைக்கு எடுத்தா போதுமே.”

“எடுத்தா அந்த ஆளும் ஒரு நாளைக்கு லீவு போடுவான். நல்லா வேலை கத்துக்கிட்டா கொழும்புக்குப் போயிருவான். அங்க மூனு பேர் இருக்காங்க மிஸ். ஒருத்தர் இல்லாட்டி ஒருத்தர்.”

பகல் சாப்பாட்டையும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் போனால் நான் யார்? பேப்பர் எழுதுகிற ஒரு கிளாக்கர்தானே. பென்ஷனுக்கு மூன்று வருஷம் இருக்கும்போதே மெதுவாக ஓரம் கட்டுகிறார்கள் என்றே நினைத்தேன்.

வந்தவர் பெயர் நிமலன். நாற்பது வயதிருக்கும். ஊர் யாழ்ப்பாணம். மனைவிக்கு ஹட்டனில் டீச்சர் வேலை கிடைத்து இங்கே வந்தவர், இங்கேயே கம்பெனியைத் தொடங்கிவிட்டார். அவர், ரிஸ்வான் என்று ஒருவர், போன் எடுக்கிற ஒரு பெண், அவ்வளவுதான் கம்பெனி. முதல் நாள் அவர் ஒரு கம்ப்யூட்டரையும் தொடவில்லை. ஒரு பயிற்சிக் கொப்பியோடு ஒவ்வொரு மேசையாகப் போய், “உங்களுக்கு என்ன கரைச்சல்?” என்று கேட்டு எழுதினார். கரைச்சல் என்றால் அவர்கள் ஊரில் தொல்லை. கொழுந்து மடுவத்தில் நிறுக்கிற கங்காணியிடமும் கேட்டார். அந்தக் கேள்வியை நான் கம்ப்யூட்டர் பார்த்த பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரிடமும் கேட்டதில்லை.

கடைசியாக என் இடத்துக்கு வந்தார். என் தலைக்கு மேலே சாமிக் கலண்டர். முருகனின் வேலுக்குப் பக்கத்தில் எல்லாப் பாஸ்வேர்டும் வரிசையாக எழுதியிருக்கும். யார் கேட்டாலும் சொல்ல வசதி.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அக்கா, எங்கட பாஸ்வேர்ட் முருகனுக்கும் தெரியுமோ?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அன்று மாலைக்குள் அவர் கண்டுபிடித்தது இன்னொன்று. இரண்டு வருஷம் முன்பு வேலையை விட்டுப் போன ஒரு கிளாக்கர், இன்றைக்கும் எங்கள் மெயிலைத் திறந்து பார்க்கலாம். யாரும் அவருடைய கணக்கை மூடவில்லை. மூட வேண்டிய ஆள் நான். அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

அதன் பிறகு ஃபெக்டரி மாறிய விதத்தைச் சொல்ல வேண்டும். ஏதாவது நின்றால் ஒரு நம்பருக்குப் போன். அவர்கள் ஹட்டனில் இருந்தபடியே உள்ளே வந்து சரி பண்ணிவிடுவார்கள். முதல் தடவை தராசு கம்ப்யூட்டர் நின்றபோது நான் பழக்கதோஷத்தில் குடையை எடுத்துக்கொண்டு பாதி தூரம் இறங்கிவிட்டேன். கங்காணி கீழேயிருந்து கத்தினார்: “வராதீங்க மிஸ், அதுவா எழும்பிருச்சு!”

செம்பிள் பார்சல்கள் நேரத்துக்குப் போயின. கொழும்பு புரோக்கரிடமிருந்து வருகிற நினைவூட்டல் கடிதங்கள் நின்றன. டீமேக்கர் மாத்தயா சும்மா வந்து என் மேசையருகே நின்று, “பாளுயி மிஸ், பாளுயி” என்பார். வெறிச்சென்று இருக்கிறதாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேலை சுகமானது, மனம் சுகப்படவில்லை. மாமியார் மருமகளின் குழம்பைப் பார்ப்பதுபோல நிமலன் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. மெயின் சுவிட்ச்

நிமலன் என்னிடம் இரண்டு காரியம் கேட்டார்.

ஒன்று, ஒரு சின்ன டிஸ்க். சர்வரில் இருப்பதெல்லாம் மாலையில் அதில் பிரதியாகும். அதை நான் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். “உந்த டிஸ்க்கை இங்கை வைக்காதேங்கோ அக்கா. ரெண்டும் ஒரே இடத்திலை கிடந்தா, ரெண்டும் ஒண்டாத்தான் சாகும்.”

இரண்டாவது, இரவில் ஆளில்லாத நேரத்தில் இன்டர்நெட் வழியாக இன்னொரு பிரதி ஹட்டனுக்குப் போகும். அதற்குச் சர்வர் இரவிலும் ஓட வேண்டும்.

டிஸ்க்கை ஒழுங்காகக் கொண்டுபோனேன். இரண்டாவதைச் செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் ஐப்பசி இடி எப்படியென்று இந்த மலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தொழிலாளர் லய வீடுகளில் முதல் முழக்கம் கேட்டால் டீவி பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒபிஸில் கடைசியாகப் போகிறவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். நான் சேர்ந்த வருஷம் இடி விழுந்து சுவிட்ச் போர்டே கருகியது. அன்றிலிருந்து அது சட்டம். இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தை ஒரு கறுப்புப் பெட்டிக்காக விடுவேனா?

நாலாம் நாள் அவரிடமிருந்து போன். “அக்கா, இரவிலை மெயினை நிப்பாட்டுறனீங்களோ?”

“ஆமா தம்பி. இடி விழுந்தா நீங்களா வந்து நிப்பீங்க?” என்று தொடங்கி, கருகிய சுவிட்ச் போர்டின் சரித்திரத்தையும் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். “சரி அக்கா. உங்கட பழக்கத்தை மாத்தேலாது. நான் வேறை வழி பாக்கிறன்.”

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நாளிலிருந்து பகல் ஒரு மணிக்கு அவரிடமிருந்து என் போனுக்கு ஒரு மெசேஜ் வரத் தொடங்கியது. தினமும் வந்தது. தினமும் காலை வணக்கம் என்று பூப்படம் அனுப்புகிறவர்கள் நாலைந்து பேர் எனக்கு உண்டு. அவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்து, திறந்தும் பார்க்காமல் சத்தத்தை நிறுத்திவைத்தேன்.

4. ஆயுத பூஜை

அடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு பெரிய ஓடிட் வந்தது. கணக்கு ஓடிட் இல்லை, உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கானது. ஓடிட்டர் வந்து ஏதாவது ஒரு லொட் நம்பரைச் சொல்லுவார். அந்தத் தேயிலை எந்த நாள் கொழுந்து, யார் வாட்டியது, எத்தனை பாகையில் காய்ந்தது, எங்கே போனது என்று இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துக்காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி இல்லை. அந்தக் கம்பெனிக்காகத்தான் எங்கள் இரண்டாவது ஷிஃப்ட் ஓடியது. நாற்பது பேர், அதில் பாதிக்கு மேல் தேயிலை அரிக்கிற பெண்கள். எல்லாரையும் எனக்குப் பேர் சொல்லித் தெரியும்.

பழைய கொப்பிகள் ஸ்டோரில் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் போய்ப் பல காலம். எல்லாம் சர்வரில் இருக்கிறதே என்று அவற்றை எறிந்தும்விட்டோம். டீமேக்கரிடம் நடப்பு மாதக் கொப்பி மட்டும் இருந்தது.

ஓடிட்டுக்கு முதல் நாள் ஆயுத பூஜை. “நல்ல சகுனம் மிஸ்” என்றார் முதலாளி.

எங்கள் ஃபெக்டரியில் பூஜை என்றால் விடியற்காலையே ரோலர், டிரையர் எல்லாம் கழுவி, பூசாரி கீழே மெசின்களுக்குப் பூஜை செய்வார். மேலே ஒபிஸ் பூஜை என் பொறுப்பு. ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கத்தரிக்கோல், முத்திரை, பஞ்சிங் மெசின் எல்லாம் வைத்துப் பொட்டு வைப்போம். சர்வரை இதுவரை மேசைக்குக் கொண்டுவந்ததில்லை. மூலையில் இருக்கும்போதே ஒரு பொட்டு, அதோடு சரி.

இந்த வருஷம் ஓடிட் முழுக்க அதன் தலையில்தானே இருக்கிறது, முதல் மரியாதை அதற்கே என்று முடிவு செய்தேன். வயர்களைக் கழற்றி, துடைத்து, மேசை நடுவில் வைத்தேன். வீட்டிலிருந்த டிஸ்க்கையும் கொண்டுவந்தேன். அதுவும் ஆயுதம்தானே. அதைச் சர்வரில் செருகி, பக்கத்தில் பித்தளைத் தட்டில் பூவுக்கு நடுவே வைத்தேன். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். முதலாளி பின்னாலிருந்து, “நல்லா தெளிங்க மிஸ், நாளைக்கு ஓடிட்டு” என்றார். நல்லாவே தெளித்தேன். அந்தப் பெட்டிக்குத் தலையில் காற்றுப் போக வரிசையாக ஓட்டைகள் இருந்தன. அதெல்லாம் அப்போது யார் பார்த்தது?

பூஜை முடிந்ததும் சுப நேரத்தில் எல்லா மெசினையும் ஒரு தடவை ஓட்டி நிறுத்துவது வழக்கம். கீழே ரோலர் உறுமியது. மேலே நான் கரண்ட் வயரைச் செருகி, முருகா என்று சர்வரின் சுவிட்சை அழுத்தினேன்.

டப் என்று ஒரு சத்தம். சாம்பிராணிப் புகையோடு இன்னொரு புகையும் சேர்ந்து போனது. எது எந்தப் புகை என்றுகூடத் தெரியவில்லை. பெட்டி இருண்டது. டிஸ்க்கின் சின்ன நீல விளக்கும் ஒரு தடவை மின்னி அணைந்தது.

“என்னாச்சு மிஸ்?”

“இடி விழுந்திருக்கும் போல முதலாளி.”

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது. முதலாளி ஜன்னல் வழியாக ஒரு தடவை வெளியே பார்த்தார். நான் ஹட்டனுக்குப் போன் எடுத்துவிட்டு, ஸ்டோருக்குள் போய் அழுதேன். நாளைக்கு அந்த நாற்பது பேர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதே நினைப்பு.

பூஜை நாள் என்று பாராமல் நிமலன் ஒரு மணி நேரத்துக்குள் பைக்கில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சைப் பலகை மேல் மஞ்சள் கறை. ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது. அவர் அதை மெதுவாக எடுத்துச் சாமித் தட்டில் வைத்தார்.

முதலாளி எட்டிப் பார்த்து, “இடிதானா தம்பி?” என்றார்.

“காரணத்தைப் பிறகு பாப்பம் ஐயா. முதல்லை நாளைக்கு வேலை நடக்கோணும்.”

முதலாளி கீழே போனதும் டிஸ்க்கைச் சோதித்தார். அதுவும் போயிருந்தது. ஈரமாக இருந்த அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிக்கூடக் காட்டவில்லை, துடைத்து வைத்தார்.

“அப்ப எல்லாம் போச்சா தம்பி?” என்றேன்.

“அக்கா, ஒவ்வொரு நாளும் நான் அனுப்பிற மெசேஜைப் பாக்கிறனீங்களோ?”

“பாக்கிறேனே” என்றேன். அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

“அப்ப ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.”

போனைத் திறந்தேன். திறக்காத மெசேஜ்கள் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தன. எல்லாம் ஒரே வரி. ‘இன்றைய பிரதி ஹட்டனுக்கு வந்துவிட்டது’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பச்சை டிக். ஞாயிறும் பௌர்ணமிப் போயா லீவும் தவிர ஒரு நாளும் தவறவில்லை. கடைசி டிக் முந்தின நாள் பகல் ஒரு மணிக்கு.

நான் மெயினை இறக்குவதை நிறுத்த முடியாது என்று தெரிந்ததும் அவர் நேரத்தை மாற்றியிருந்தார். பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை நாங்கள் சாப்பிடப் போகிற நேரத்தில், நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ஃபெக்டரி முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மலை இறங்கி ஹட்டனுக்குப் போயிருக்கிறது.

போனை மூடிவிட்டு மறுபடியும் அழுதேன். இது வேறு அழுகை.

5. கம்பளிக்குள் வந்தது

பிரதி இருந்தாலும், எங்கள் இன்டர்நெட்டில் அது திரும்பி வந்து சேர ஒரு வாரம் ஆகும். ஆகவே ரிஸ்வான் ஹட்டனில் அவர்களிடமிருந்த மாற்று மெசின் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றினார். மாற்று மெசின் கொடுப்பது அக்ரிமென்டிலேயே இருந்தது. நான்தான் அதைப் படிக்கவில்லை. பைக்கில் கொண்டுவந்தால் குலுங்கும், பூஜை நாளில் வேன் இல்லை. காலை ரயிலில் கொண்டுவருவது என்று முடிவானது.

மிச்சம் இருந்தது, பூஜைக்கு முந்தின நாள் பகல் ஒரு மணிக்குப் பிறகு நடந்த வேலை. டீமேக்கர் மாத்தயா தன் கொப்பியைக் கொண்டுவந்து, “ஹரி மிஸ், சரி மிஸ், அரை நாள்தானே” என்று பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, நான் பேப்பரில் எழுதிக்கொண்டேன். மெசின் வந்ததும் ஏற்றிவிடலாம்.

மறுநாள் காலை ஓடிட்டர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். கொழும்பிலிருந்து வந்த தமிழ் அம்மா, கண்ணாடி, அடக்கமான பேச்சு. ரயில் வழக்கம்போலத் தாமதம். முதலாளி அவரை மேல் மாடிக்கு அழைத்துப்போய் வாட்டுகிற தொட்டிகளைக் காட்டினார். ரோலரைக் காட்டினார். கை கழுவுகிற இடத்தை இரண்டு தடவை காட்டினார். நான் வாசலிலேயே நின்றேன்.

பத்தரைக்கு ஓட்டோ ஏறி வந்தது. ரிஸ்வான் மடியில் குழந்தை மாதிரி எதையோ கட்டிப்பிடித்திருந்தார். கொழுந்து பறிக்கிற பெண்கள் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் கம்பளி. அதைப் பிரித்தால் உள்ளே சர்வர். “பனி படாம இருக்கணும்னு எங்க பக்கத்து வீட்டு அக்காக்கிட்ட கேட்டு வாங்கினேன் மிஸ்” என்றார்.

விடிந்ததுமே பைக்கில் வந்து காத்திருந்த நிமலன் வயர்களைச் செருகினார். நான் கையைக் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். ஏழு கம்ப்யூட்டரிலும் பழையபடி எல்லாம் வந்தது.

6. ஓடிட்டர் கேட்ட கேள்வி

ஓடிட்டர் அம்மா மூன்று மாதத்துக்கு முந்தின ஒரு லொட் நம்பரைச் சொன்னார். நான் தேடினேன். லொறி, கொழுந்து, வாடல், டிரையர் சூடு, அரித்தவர்கள் பெயர், போன பை. நாற்பது நிமிஷத்தில் எல்லாம் மேசையில். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். முதலாளி முகத்தில் வெளிச்சம்.

பேனாவை மூடப்போனவர் கடைசியாக ஒன்று கேட்டார். “இந்தச் சர்வர் திடீர்னு பழுதாயிட்டா உங்க ஏற்பாடு என்ன?”

எல்லா இடத்திலும் கேட்கிற கேள்விதான். முதலாளி, “அதெல்லாம் எங்களுக்கு ஒரு கம்பெனி இருக்காங்க மேடம்” என்று தொடங்கினார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எதிரே நிமலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவுக்கு வெளியே தேயிலை அரிக்கிற இரண்டு பெண்கள், என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நின்றார்கள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“நேத்துப் பதினோரு மணிக்குப் பழுதாச்சுங்க மேடம். நீங்க பாக்கிற இந்த மெசின் இன்னைக்குக் காலைல ரயில்ல வந்தது.”

பேனா நின்றது. “நேத்தா? என்ன நடந்தது?”

“இடி…” என்று முதலாளி வாயெடுத்தார்.

“இடி இல்லைங்க மேடம். நான்தான். பூஜைக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சுட்டு, ஈரத்தோட சுவிட்ச் போட்டுட்டேன். பெக்கப் டிஸ்க்கையும் பக்கத்துல வச்சுக் கொன்னுட்டேன். இவங்க ஹட்டன்ல ஒரு பிரதி வச்சிருந்ததுனாலதான் நாங்க இப்ப உங்க முன்னால உக்காந்திருக்கோம்.”

ஓடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எங்க அம்மாவும் ஃப்ரிஜ்ஜுக்குப் பொட்டு வைப்பாங்க. தண்ணி தெளிக்க மட்டும் நான் விடுறதில்ல” என்றார். பிறகு சீரியஸாக, “நெறைய இடத்துல இந்தக் கேள்விக்கு ஒரு பேப்பர எடுத்துக் காட்டுவாங்க. செஞ்சு காட்டினது நீங்கதான்” என்றார். சான்றிதழுக்குச் சிபாரிசு செய்தார். சர்வரைப் பூட்டிய அலமாரிக்குள் வைக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் எழுதினார். அந்தக் குறிப்பு யாருக்கானது என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் போனதும் முதலாளியிடம் போய் நின்றேன். “பொய் சொன்னதுக்கு மன்னிச்சுருங்க முதலாளி.”

“நேத்து வானத்துல ஒரு மேகம் கெடையாது மிஸ். நீங்க இடின்னு சொன்னப்பவே தெரியும்.”

“அப்ப ஏன் கேக்கல?”

“நல்லா தெளிங்கன்னு சொன்னது யாரு? நான் கேட்டா நீங்க அதைத் திருப்பிக் கேப்பீங்கல்ல” என்று சொல்லிவிட்டுத் தேநீர் வரவழைத்தார்.

நிமலன் பைக்கில் ஏறும்போது அவரிடமும் கேட்டேன். “பூவெல்லாம் கண்டுபிடிச்சீங்களே தம்பி, ஏன் என்னையக் காட்டிக் குடுக்கல?”

அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “நான் சொல்லியிருந்தா, அடுத்த முறை ஏதும் நடந்தா நீங்கள் என்னைக் கூப்பிடமாட்டியள் அக்கா. ஒளிப்பியள். நீங்கள் உடனை போன் எடுத்தபடியாத்தானே காலமைக்குள்ளை செய்ய முடிஞ்சது.”

7. கடைசிப் பொட்டு

இதிலிருந்து நான் கற்றதைச் சொல்லி முடிக்கிறேன். சின்ன இடத்தில் கம்ப்யூட்டர் வேலையை வெளியே கொடுத்தால் உள்ளே இருக்கிறவருக்கு வேலை போகும் என்று நினைத்தேன். போனது, ஒன்றும் தெரியாமலே நான் செய்துகொண்டிருந்த வேலை. திரும்பி வந்தது, எனக்குத் தெரிந்த வேலை. அந்தக் கடைசி இரண்டு வருஷம் போல நான் நிம்மதியாக வேலை செய்ததில்லை. கொழும்பிலிருந்து பேத்தி பிறந்த செய்தி வந்தபோது ஒரு வாரம் லீவில் போனேன். போன் ஒரு தடவையும் அடிக்கவில்லை. அடிக்கவில்லையே என்று நான்தான் ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன்.

கம்பெனி தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்கிறவரை விட, உங்களுக்கு என்ன கரைச்சல் என்று கேட்கிறவரைப் பாருங்கள். பிரதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதை ஒரு நாள் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், எங்களைப் போல விபத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் இடத்துப் பழக்கங்களை நீங்களே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். எந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கும் எங்கள் மெயின் சுவிட்ச் சட்டம் தானாகத் தெரியாது. அவர்கள் அனுப்புகிற மெசேஜைத் திறந்து பாருங்கள்.

நான் ஓய்வு பெற்ற வருஷம் ஆயுத பூஜை. சர்வர் பூட்டிய அலமாரிக்குள். சாவி நிமலனிடம் ஒன்று, முதலாளியிடம் ஒன்று, என்னிடம் இல்லை. அது ஒபிஸின் ஏகமனதான தீர்மானம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கத்தரிக்கோல், முத்திரை எல்லாம் வைத்தேன். நடுவில் இடம் காலியாக இருந்தது. ஃபைலைத் திறந்து ஹட்டன் கம்பெனியோடு போட்ட அக்ரிமென்டை எடுத்து அங்கே வைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கமும் படித்திருந்தேன்.

அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தேன். மாவிலையைக் கையில் எடுத்தபோது, பூஜைக்கு வந்திருந்த நிமலன், ரிஸ்வான், டீமேக்கர் மாத்தயா, முதலாளி நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரு அடி முன்னால் வந்தார்கள். நான் மாவிலையை முதலாளி கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.